தக்காளிப் படம் போட்ட தோட்டா

வென்டல் பக்லி சுட்டது குண்டை அல்ல. வெடிமருந்தைக் கெட்டிக்கிற இரும்புக் கம்பியையே சுட்டுவிட்டான்.

மூன்றரை அடிக் கம்பி. அது சக்கிமுக்கித் துப்பாக்கியின் குழாயிலிருந்து புறப்பட்டு, மைதானத்தில் ஆளில்லாத பக்கமாகப் பறந்தது. பியூலா அம்மையார் விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த பரங்கிக்காய்க் கோபுரத்தில், கீழேயிருந்து மூன்றாவது காயில் போய்ச் செருகி நின்று நடுங்கியது. கோபுரம் ஒரு கணம் யோசித்தது. பிறகு சரிந்தது. உருண்ட காய்களில் ஒன்று, வேறு வேலையே இல்லாததுபோல் நேராகப் போய், சுட்டு ஆறவைத்திருந்த 'ஆப்பிள் பை' பலகாரத்தின் மேல் உட்கார்ந்தது.

ஹார்க்னஸ் ஃபோர்ட் ஊர்ப்படையில் மொத்தம் இருபத்துமூன்று பேர். அத்தனை பேரும் 1777-ஆம் வருடத்து உடையில் நின்றபடி, இந்த வருடத்துக் கெட்ட வார்த்தைகளை வாய்க்குள் முணுமுணுத்தார்கள்.

கம்பியைத் தொடாதே என்று வென்டலுக்கு மூன்று சனிக்கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய போரை நடித்துக் காட்டும்போது குண்டு போடுவதில்லை. வெறும் மருந்து, கொட்டினால் தானே அடியில் போய் உட்காரும். கெட்டிக்க எதுவுமில்லை. ஆகவே கம்பி அதன் இடத்தைவிட்டு வெளியே வரக் கூடாது. இதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பழைய ஓவியங்களில் கம்பியை உருவிச் சுழற்றுகிற வீரனுக்கு ஒரு தனி அழகு உண்டு. அந்த அழகை லோர்னா பார்க்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். சுழற்றினான், குழாய்க்குள் விட்டான், அவள் பார்க்கிறாளா என்று திரும்பினான்.

லோர்னா பார்க்கவில்லை. அவள் சார்ஜென்ட் ஹாலிஸ் மெரிக்கின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எரிச்சலில் கம்பியைத் திரும்ப எடுக்க மறந்து, வென்டல் விசையை இழுத்தான்.

லோர்னா கிட்ரெட்ஜ் துப்பறியும் நிபுணர். வென்டல் அவளுடைய உதவியாளன். பதினோரு வருடமாக அவளுடைய காரை ஓட்டி, அவளுடைய குடையைத் தொலைத்து, அவளுடைய வழக்குகளில் குறுக்கே விழுந்துகொண்டிருப்பவன். இருவரும் புதுப் படைவீரர்கள் என்ற வேஷத்தில் இங்கே சேர்ந்து இது மூன்றாவது வாரம். அவர்கள் யார் என்று இங்கே ஒருவருக்குத்தான் தெரியும். வரவழைத்த கேப்டன் ஓரின் டீஸ்டேலுக்கு.

கேப்டன் இப்போது வயிற்றை முன்னே விட்டுக்கொண்டு வந்தார். ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். பத்தொன்பது வருடமாகப் படைக்குத் தலைவர். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்ததால், அவர் கோபமாகப் பேசினால் ஒவ்வொரு வரியிலும் ஒரு சீழ்க்கை கூடவே வரும். ஐந்து நிமிடம் சீழ்க்கையடித்தார். முடிவில் வென்டலின் துப்பாக்கியிலிருந்து கல்லைக் கழற்றச் சொன்னார். கல் இருந்த இடத்தில் பழையபடி மரக்கட்டையை மாட்டினார்கள். கல் உரசினால்தான் பொறி. கட்டை உரசினால் டொக்கென்று ஒரு சத்தம்தான். முதல் இரண்டு வாரம் கத்துக்குட்டிகள் அதை வைத்துத்தான் பழகுவார்கள். மூன்றாவது வாரம் கல்லுக்கு உயர்ந்து, அரை மணி நேரத்தில் கட்டைக்கு இறங்கிய முதல் ஆள் என்ற பெருமை வென்டலுக்குக் கிடைத்தது.

தண்டனையில் இன்னொன்றும் இருந்தது. சாயங்காலம் வரை மைதானத்தில் காகிதம் பொறுக்க வேண்டும்.

பரங்கிக்காயிலிருந்து கம்பியைப் பிடுங்கித் துடைத்துக் கொண்டுவந்தவர் ஹாலிஸ். திட்டுவார் என்று வென்டல் எதிர்பார்த்தான். திட்டினால் வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும். ஹாலிஸ் அவன் தோளில் தட்டினார்.

"விடுங்க. முதல் வருஷம் நானும் இதையேதான் செஞ்சேன். பாதிரியாரோட கார் கண்ணாடி போச்சு. உங்களுது பரங்கிக்காயோட போச்சே."

சொல்லிவிட்டு முப்பத்திரண்டையும் காட்டினார். பனிக்கட்டி மாதிரி வெள்ளை. அகலமான தோள், நரை கலந்த கிருதா, முழங்கால்வரை ஏறிய கால்மேசுக்குள் அளவெடுத்துச் செய்ததுபோன்ற கெண்டைக்கால். வென்டலின் கெண்டைக்காலில் மேசு இரண்டு மடிப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாஸ்," என்றான் லோர்னாவிடம், அவர் நகர்ந்ததும். "வியாழக்கிழமை சாயங்காலம் எங்க போயிருந்தீங்க?"

"உன் தொப்பி பின்பக்கம் முன்னாடி இருக்கு பாரு," என்றாள் லோர்னா.

நேரான பதில் சொல்லும் பழக்கம் லோர்னாவுக்குக் கிடையாது. கேள்விகளாலேயே பிழைக்கிறவள், யாருக்கும் பதிலைச் சும்மா கொடுப்பதில்லை. ஆனால் வியாழக்கிழமை ஏழு மணிக்கு மேப்பிள் மர விடுதியின் வாசலில் அவளுடைய காரும், அதை ஒட்டி 'மெரிக் நாற்றுப்பண்ணை' என்று எழுதிய வண்டியும் நின்றதை வென்டல் கண்ணால் பார்த்திருந்தான். தற்செயலாக அந்தப் பக்கம் போனபோது. நாலு தடவை.

வழக்கு இதுதான். படையை முதன்முதலில் திரட்டியவர் வெடிமருந்து வைத்துக்கொண்ட மருந்துக் கொம்பு ஒன்று இருந்தது. மாட்டுக் கொம்பில் ஆற்றையும் கோட்டையையும் செதுக்கிய அபூர்வப் பொருள். தலைவராக இருப்பவர் அதைத் தோளில் மாட்டிக்கொள்வது வழக்கம். கேப்டனின் கூடாரத்தில், பூட்டாத பெட்டியில் இருந்தது, மூன்று வாரத்துக்கு முன் காணாமல் போனது. துப்பாக்கிகள் முழங்கிப் புகை சூழ்ந்த நேரத்தில் யாரோ வரிசையிலிருந்து நழுவிப் போய் எடுத்திருக்க வேண்டும். போலீஸ் வேண்டாம், ஊர் சிரிக்கும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரவல் கொம்பு ஒன்றைத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கான்வாஸ் உறை வேறு. பனியில் கெட்டுவிடுமாம்.

இன்று நாலு மணிக்குத் தேர்தல். மூன்று வருடத்துக்கு ஒருமுறை படைவீரர்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். தொப்பியில் சோளமணி போட்டால் கேப்டன் டீஸ்டேலே தொடரலாம். பீன்ஸ் விதை போட்டால் ஹாலிஸ். ஹாலிஸ் படையில் சேர்ந்து ஆறு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் ஒரு வாரமாக ஊர்க் கடைகளில் பீன்ஸைப் பற்றியே பேச்சு.

வென்டல் சாக்கை எடுத்துக்கொண்டு காகிதம் பொறுக்கப் போனான்.

இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா என்பது மருந்தை வைத்துச் சுருட்டிய காகிதக் குழல். வலது கையால் எடுத்து, வாலைப் பல்லால் கடித்துத் துப்பி, ஒரு சிட்டிகை மருந்தைத் துப்பாக்கியின் பக்கவாட்டிலுள்ள சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடி, மிச்சத்தைக் குழாயில் கொட்டி, காகிதத்தைக் கீழே எறிய வேண்டும். அவரவர் தோட்டாவை அவரவரே வீட்டில் சுருட்டிக்கொண்டு வருவார்கள். தபால்காரர் டெக்ஸ்டர் பழைய வரிப் படிவத்தில் சுருட்டுவார். பியூலாவின் கணவர் தேவாலய அறிவிப்புத் தாளில். கேப்டன் கடையில் ஆணி மடிக்கிற பழுப்புக் காகிதத்தில். நாற்றுப்பண்ணைக்காரரான ஹாலிஸ், போன வருடத்து விதைப் புத்தகத்தைக் கிழித்துச் சுருட்டுவார். தக்காளி, முள்ளங்கி, முட்டைக்கோஸ் என்று ஒவ்வொரு தோட்டாவும் கண்ணைப் பறிக்கும்.

காகிதம் பொறுக்குகிறவர்கள் பொதுவாகக் காகிதத்தைப் பார்ப்பதில்லை. சாக்கில் அள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள். பொறாமை பிடித்தவன் பொறுக்கினால்தான் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பான். கத்துக்குட்டியாக அவ்வப்போது பொறுக்கிய முதல் வாரத்திலிருந்தே வென்டல் ஹாலிஸின் காகிதங்களைத் தனியாகக் கவனித்துவந்தான். எங்கேயாவது ஒரு பிசகு கிடைக்காதா என்ற நப்பாசை.

கிடைத்தது. மற்றவர்களின் வால்களில் எச்சிலும் பல் பதிந்த தடமும் இருந்தன. ஹாலிஸின் தக்காளி வால்கள் மட்டும் காய்ந்து, நேராக, தையல்காரர் கிழித்த துணி மாதிரி இருந்தன. ஒன்றில்கூடப் பல் பட்டிருக்கவில்லை. நாள் முழுக்க வரிசைக்குப் பின்னால் நின்று "கடிங்க, நல்லாக் கடிங்க" என்று கத்துகிற மனிதர், யாரும் திரும்பிப் பார்க்காத அந்த இடத்தில் தன் தோட்டாவை விரலால் கிள்ளிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எல்லாம் விளங்கியது. அவர் ஆப்பிளைக் கத்தியால் சீவிச் சீவித் தின்றது, டோநட்டைக் காபியில் ஊறப்போட்டது. பனிக்கட்டி மாதிரி இருந்த அந்த முப்பத்திரண்டும் ராத்திரி கிண்ணத்தில் தூங்குகிற பொய்ப்பற்கள்.

இந்த ரகசியத்தை வென்டல் இரண்டு வாரமாக யாரிடமும் சொல்லாமல், தீபாவளிக்கு வாங்கிய பட்டாசை வெயிலில் காயவைக்கிற மாதிரி, மனசுக்குள் காயவைத்திருந்தான். லோர்னா அடுத்த முறை அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேச்செடுக்கும்போது கொளுத்துவதாக உத்தேசம்.

பதினொரு மணிக்குக் கேப்டன் இருவரையும் கூடாரத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். வென்டல் திட்டு வாங்கப் போகிறான், லோர்னா பரிந்து பேசப் போகிறாள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கேப்டன் கூடாரத் துணியை இழுத்து மூடினார். கொம்பு இருந்த காலிப் பெட்டியைத் திறந்து, அடியில் விரித்திருந்த வெல்வெட்டைத் தூக்கினார். அங்கே நகக்கண் அளவு ஒரு காகிதத் துண்டு. சிவப்பாக, பளபளப்பாக, பாதித் தக்காளி.

காலையில்தான் கண்ணில் பட்டதாகச் சொன்னார். அது யாருடைய காகிதம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. புகைக்குள் தோட்டாவைக் கடித்த கையோடு வந்தவன், வாயில் ஒட்டியிருந்த வாலைப் பெட்டிக்குள் சிந்திவிட்டுப் போயிருக்கிறான்.

"எனக்கு வருத்தமாத்தான் இருக்கு," என்றார் கேப்டன், சீழ்க்கையோடு. "ஆனா திருடனை ஓட்டுக்கு நிக்க விட முடியாது. நாலு மணிக்கு முன்னாடி நீங்களே எல்லாருக்கும் சொல்லிடுங்க. நான் சொன்னா வயித்தெரிச்சல்னு பேசுவாங்க. வெளியாள் வாயால வந்தா நல்லது."

ஹாலிஸின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். இந்தப் பக்கத்தில் எந்தப் படையும் சேர்க்காது. நாற்றுப்பண்ணையில் நாளை யார் போய்ச் செடி வாங்குவார்கள்?

லோர்னா அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு வென்டலிடம் நீட்டினாள். "நீதான் காகித நிபுணன். என்ன நினைக்கறே?"

வென்டல் வாங்கிப் பார்த்தான். தக்காளியின் ஓரம் நேராகக் கிழிந்திருக்கவில்லை. கடிபட்டிருந்தது. இரண்டு பக்கமும் பல் வெட்டிய வளைவு. நடுவில் மட்டும் பல் படாமல், குட்டி நாக்கு மாதிரி காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்கு உடனே புரிந்தது. அந்தத் தோட்டா ஹாலிஸுடையதாக இருக்கலாம். அதைக் கடித்தது ஹாலிஸ் இல்லை. ஹாலிஸால் கடிக்க முடியாது. இந்த ஊரில் அது தெரிந்த ஒரே ஆள், கையில் சாக்கோடு நிற்கும் இந்த வென்டல் பக்லி.

"யோசிச்சுச் சொல்றேன் பாஸ்," என்றான்.

தன் வாழ்க்கையில் அவன் யோசிக்க நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை. லோர்னா புருவத்தை மட்டும் தூக்கினாள்.

வெளியே வந்து, மைதானத்தின் ஓரத்து மேப்பிள் மரத்தடியில் உட்கார்ந்தான். இலைகள் மஞ்சளும் சிவப்புமாகத் தொப்பியில் விழுந்தன. அடுத்த பத்து நிமிடம் அவன் மிகவும் சந்தோஷமாக இருந்தான். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாலு மணிக்கு அந்தத் தோள், அந்தக் கிருதா, அந்தக் கெண்டைக்கால் எல்லாம் வண்டியில் ஏறிப் போய்விடும். மேப்பிள் மர விடுதி வாசலில் இனி ஒரே ஒரு கார்தான் நிற்கும்.

பதினோராவது நிமிடம் ஹாலிஸ் இரண்டு தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேகவைத்த பீன்ஸ், சோள ரொட்டி, ஒரு குவளை காபி. ஒரு தட்டை வென்டலின் மடியில் வைத்தார்.

சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்தார். வென்டலின் துப்பாக்கியிலிருந்து கழற்றிய சக்கிமுக்கிக் கல். காலை முழுக்க ஓய்வு நேரத்தில் சின்னப் பித்தளைக் கொட்டாப்புளியால் அதன் விளிம்பைத் தட்டித் தட்டிக் கூராக்கியிருந்தார். மெல்லிய தோல் துண்டில் அதைச் சுற்றி, துப்பாக்கியின் 'குதிரை' என்கிற சுத்தியலின் வாயில் எப்படிக் கவ்வ வைக்க வேண்டும் என்று காட்டினார். கோணலாக வைத்தால் எஃகில் ஒரு மூலைதான் உரசும், பொறி பாதிதான் விழும். நேராக வைத்தால் விளிம்பு முழுக்க உரசும்.

"கேப்டன்கிட்ட பேசிட்டேன். அடுத்த வாரம் கல்லை மாட்டிக்கலாம். கம்பியை மட்டும் நான் கட்டி வெச்சுடறேன், சரியா?"

வென்டல் பீன்ஸை விழுங்கினான். 

ஹாலிஸ் சோள ரொட்டியைக் காபியில் முக்கினார். அது ஊறுகிற வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே. லோர்னாவுக்கு யாராவது இருக்காங்களா?"

"இருக்கார்," என்றான் வென்டல் சட்டென்று. "குத்துச்சண்டை வீரர். ஆறடி நாலு அங்குலம். ரொம்பச் சந்தேகக்காரர்."

"அப்படியா," என்றார் ஹாலிஸ். முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் தன் தட்டிலிருந்த இன்னொரு ரொட்டித் துண்டை எடுத்து வென்டலின் தட்டில் வைத்தார். "அதிர்ஷ்டக்காரர்."

அந்த ரொட்டித் துண்டுதான் கெடுத்தது. வென்டலால் அதைத் தின்னவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. கடைசியில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன்னைத் தானே நாலு வகையாகத் திட்டிக்கொண்டு, லோர்னாவைத் தேடிப் போனான்.

அவள் பியூலாவின் பரங்கிக்காய்களைத் திரும்ப அடுக்க உதவிக்கொண்டிருந்தாள். வென்டல் அவளைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். காய்ந்த வால், கிள்ளுகிற விரல், ஊறப்போட்ட டோநட். இரண்டு வாரமாகக் காயவைத்த பட்டாசு, கொளுத்தும்போது சத்தமே வரவில்லை. சொல்லி முடித்தபின் கெஞ்சலாக ஒன்று சேர்த்துக்கொண்டான்: பல் விஷயம் மட்டும் கூட்டத்தில் வர வேண்டாம். அந்த மனிதர் திருட்டுப் பட்டத்தைக்கூடத் தாங்கிக்கொள்வார், இதைத் தாங்க மாட்டார்.

லோர்னா ஒரு பரங்கிக்காயைக் கோபுரத்தின் உச்சியில் வைத்தாள். "அப்போ அதைக் கடிச்சது யாரு?"

"தெரியலை. நடுவுல ஒரு நாக்கு மாதிரி..." வென்டல் நிறுத்தினான். காதுக்குள் ஒரு சீழ்க்கை கேட்டது. "ஐயோ," என்றான்.

மூன்று மணிக்கு இருவரும் மறுபடி கேப்டனின் கூடாரத்தில் இருந்தார்கள். லோர்னா மிகவும் பணிவாகப் பேசினாள். காலையில் நடந்த விபத்திலிருந்து வென்டலுக்குத் தன்னம்பிக்கை போய்விட்டது, தோட்டாவைப் பிரிப்பதையே மறந்துவிட்டான், பத்தொன்பது வருட அனுபவஸ்தர் ஒருமுறை செய்து காட்டினால் நன்றாயிருக்கும் என்றாள். வென்டல் முகத்தை முடிந்தவரை முட்டாள்தனமாக வைத்துக்கொண்டான். அதற்கு அவன் பெரிதாகச் சிரமப்படவில்லை.

கேப்டனுக்குப் பெருமை தாங்கவில்லை. இடுப்புப் பெட்டியிலிருந்து பழுப்புத் தோட்டா ஒன்றை உருவினார். கை தானாக மேலே போனது, வாய் தானாகத் திறந்தது. கடித்தார், துப்பினார், சிரித்தார்.

லோர்னா குனிந்து அந்த வாலை எடுத்தாள். மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் பாதித் தக்காளியை வைத்தாள். இரண்டிலும் இரண்டு வளைவு. இரண்டிலும் நடுவில் ஒரு குட்டி நாக்கு.

கேப்டன் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

ஹாலிஸின் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தீர்கள், கையால் கிழித்திருந்தால் தப்பித்திருப்பீர்கள் என்றாள் லோர்னா. ஆனால் பத்தொன்பது வருடமாகத் தோட்டாவைக் கையில் எடுத்தால் வாய்க்குக் கொண்டுபோகிற பழக்கம். தனியாகக் கூடாரத்தில் நின்று திருட்டுத்தனம் செய்யும்போதும் விதிமுறை தவறவில்லை.

"இப்போ அந்தக் கொம்போட உறையைக் கழட்டுங்க கேப்டன். மூணு வாரமா ஒரு துளிப் பனி இல்லை."

கேப்டன் கழற்றவில்லை. கை மட்டும் போய் அந்தக் கான்வாஸை மூடிக்கொண்டது, குழந்தையின் காதைப் பொத்துகிற மாதிரி. அதுவே போதுமான பதிலாக இருந்தது. தொலைந்துபோன பொருளைத் தொலைத்தவரின் தோளில் யாரும் தேடியிருக்கவில்லை. தேடியிருக்கலாம். ஒரு நாள்கூட அதைப் பிரிந்திருக்க அவரால் முடியவில்லை.

"பெரிய ஏஜென்சிக்கும் போனேன்," என்றார் தரையைப் பார்த்து. "அங்கெல்லாம் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு தோணிச்சு. உங்க ஆபீசுக்கு வந்தப்போ இவர் நாற்காலியோட பின்னால சாய்ஞ்சு விழுந்தார். சரி, இதுதான் நமக்கு ஏத்த இடம்னு..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றான் வென்டல்.

கேப்டன் சிரிக்கவில்லை. பேச ஆரம்பித்தார், யாரிடம் என்றில்லாமல். "அவன் வந்து ஆறு வருஷம். அவன் நடந்தா ஜனங்க திரும்பிப் பார்க்கறாங்க. அவன் ஒரு சொல்லு சொன்னா வரிசை நேரா நிக்குது. நான் கத்தினா விசில் வருதுன்னு குழந்தைங்க சிரிக்குது. என் பொண்டாட்டியே போன மாசம், ஹாலிஸுக்கு அந்தக் கோட்டு எவ்வளவு நல்லா இருக்குன்னு சொன்னா. நான் முப்பது வருஷமா கோட்டுதான் போட்டுட்டிருக்கேன்."

வென்டல் ஒரு நகைச்சுவையைத் தயாராக வைத்திருந்தான். அது வாய் வரை வந்து திரும்பிப் போனது. அந்தக் கிழவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு. இவருக்கு ஒரு தக்காளித் துண்டு. அவனுக்கு ஒரு வாய் மூடல். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட தூரம்தான்.

லோர்னா மேஜையிலிருந்த இரண்டு காகிதத்தையும் எடுத்துக் கேப்டனின் உள்ளங்கையில் வைத்து மடக்கினாள். "நாலு மணிக்குத் தொப்பியை வைப்பாங்க. அதுக்கு முன்னாடி நீங்க பேசுங்க. நீங்க பேசலைன்னா நான் பேசுவேன்."

நாலு மணிக்குப் படை வட்டமாகக் கூடியது. முரசின்மேல் தொப்பியை மல்லாத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோளமணி, இன்னொன்றில் பீன்ஸ். கேப்டன் நடுவில் வந்து நின்று, உறையை மெதுவாகக் கழற்றினார். ஆறும் கோட்டையும் வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தன. தானே மறைத்து வைத்ததாகச் சொன்னார். பழி ஹாலிஸ்மேல் விழட்டும் என்று செய்ததாகவும் சொன்னார். அன்று பேசியதில் ஒரே ஒரு தடவைதான் சீழ்க்கை வந்தது, யாரும் சிரிக்கவில்லை. பிறகு கொம்பைக் கழற்றி ஹாலிஸின் தோளில் மாட்டக் கையை உயர்த்தினார். ஹாலிஸ் உயரம். கேப்டனுக்கு எட்டவில்லை. ஹாலிஸ் குனிந்து கொடுத்தார்.

தொப்பியில் இருபத்திரண்டு பீன்ஸ் விதை இருந்தன. ஒரே ஒரு சோளமணி. டெக்ஸ்டர் அதை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டு, கேப்டனிடம் கொடுத்தார். கேப்டன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கூடாரத்தைப் பிரிக்கத் தனியாகப் போனார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஹாலிஸும் போய் மறுபக்கத்துக் கயிற்றைப் பிடித்தார்.

வென்டல் காரின் பின்பக்கத்தில் துப்பாக்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். லோர்னா வந்து வண்டியில் சாய்ந்து நின்றாள்.

"அந்தச் சோளமணி நீயா?"

"ஆமா பாஸ். பாவமா இருந்துச்சு."

லோர்னா தலையசைத்தாள். "அது யாரு, குத்துச்சண்டை வீரர்? ஆறடி நாலு அங்குலமாம். ஹாலிஸ் எனக்கு வாழ்த்து சொன்னார்."

வென்டல் துப்பாக்கியை அதன் உறைக்குள் மூன்று தடவை தப்பான முனையாக நுழைத்தான். பிறகு அதைக் கீழே வைத்தான். "வியாழக்கிழமை அவரோட சாப்பிடப் போனீங்களா? இந்தத் தடவை தொப்பியைப் பத்திப் பேசாதீங்க."

"போனேன். அவர் சூப்பு குடிச்சார். அப்புறம் இன்னொரு சூப்பு குடிச்சார். எதிர்ல உக்காந்திருந்த எனக்குப் புரியாதா?"

வென்டல் நிமிர்ந்தான். "அப்போ அந்தத் தக்காளியைப் பார்த்த உடனே..."

"உடனே."

"பின்ன ஏன் என்கிட்ட கேட்டீங்க?"

"உன் மூஞ்சியைப் பார்த்தேன். உனக்கும் தெரியும்னு தெரிஞ்சுது. சொல்லுவியான்னு பார்த்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"நாலு மணிக்கு நானே சொல்லியிருப்பேன். திங்கக்கிழமை வேற ஆள் தேடியிருப்பேன்."

தூரத்தில் கூடாரம் காற்று போன பலூன் மாதிரி தரையில் படிந்தது. வென்டல் சட்டைப்பையில் கையை விட்டான். காலையில் போட்ட சோள ரொட்டி அங்கே பொடியாகிக் கிடந்தது. பதினோரு வருடத்தில் அவன் ஒருமுறைகூட நகைச்சுவை கலக்காமல் அவளிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது தேடினான், ஒன்றும் அகப்படவில்லை.

"உங்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கா?"

லோர்னா சாவியை அவன் கையில் வைத்தாள்.

"பிடிக்கும். நல்ல மனுஷன். ஆனா வீட்டுக்குப் போறப்ப வண்டியில என் பக்கத்துல உக்கார வேண்டியது நீதான், வென்டல். இன்னிக்கு மட்டும் இல்லை."